பசியை அடக்கி மாத்திரையை விழுங்குகிறோம்

வயிற்றுக் கோளாறுடன் சித்த மருத்துவரைத் தேடி வருவோர் வெறுங்கையுடன் வருவதில்லை. பைக்குள் இரண்டு மூன்று மாத்திரை அட்டைகள் இருக்கும். 'காஸ் மாத்திரை' என்று அவர்கள் அழைக்கும் பான்டோபிரசோல் அவற்றில் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "நாலைந்து வருஷமாக" என்பார்கள். முதல் முறை எழுதிக் கொடுத்தவர் ஒரு மருத்துவர். அதன் பிறகு கொடுத்து வருபவர் மருந்துக் கடைக்காரர். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு சூரணம் வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை.

நான் உடனே சூரணம் எழுதுவதில்லை. "உங்களுக்கு எப்போது பசிக்கும்?" என்று கேட்கிறேன். இந்தக் கேள்விக்கு நேரான விடை தருவோர் மிகக் குறைவு. காலை எட்டரைக்கு டிபன், ஒன்றரைக்குச் சாப்பாடு, இரவு பத்துக்கு மேல் தோசை என்று உண்ணும் நேரத்தைச் சொல்வார்கள். அது சாப்பிடும் நேரம், பசிக்கும் நேரம் எது என்று மறுபடியும் கேட்டால், உடன் வந்திருக்கும் மனைவியின் அல்லது கணவரின் முகத்தைப் பார்ப்பார்கள்.

சித்த மருத்துவம் செரிமானத்தை ஒரு தீயாக உருவகிக்கிறது. உண்டது உரிய காலத்தில் செரித்து, உரிய காலத்தில் பசி எடுத்தால் அது சமாக்கினி. ஒரு நாள் செரித்தும் ஒரு நாள் செரியாமலும் தடுமாறினால் விடமாக்கினி. உண்டவுடன் எரிந்து, மீண்டும் உண்ணத் தூண்டினால் தீட்சணாக்கினி. எதை உண்டாலும் கல்லைப்போல் கிடந்தால் மந்தாக்கினி. வயிற்றுக்குள் தீ எதுவும் எரியவில்லை என்பது உடற்கூறியல் படித்துத் தேறிய எங்களுக்கும் தெரியும். ஆனாலும் இந்தப் பகுப்பை நான் கைவிடவில்லை. நோயாளியின் பசியை முதலில் விசாரிக்கும்படி அது மருத்துவருக்குச் சொல்கிறது. எந்த மருந்து என்ற பேச்சு அதற்குப் பின்புதான்.

அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களையும் எங்கள் நூல்கள் பட்டியலிடுகின்றன. வேகம் என்பது இங்கே உடல் தானாக எழுப்பும் உந்துதல். தும்மல், கொட்டாவி, தூக்கம், கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. பசி, தாகம், வாந்தி, மலம், கீழ்வாயு ஆகிய ஐந்தும் உணவுப் பாதைக்கே உரியவை. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது அந்நூல்களின் எச்சரிக்கை. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆவது அதிகாரத்தைப் புரட்டுவோரும் ஒன்றைக் கவனிக்கலாம். பத்துக் குறள்களில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. ஆறு குறள்கள், முன்பு உண்டது செரித்ததா, இப்போது எவ்வளவு உண்பது என்பதைப் பற்றியே பேசுகின்றன. வள்ளுவர் பெயரைச் சொல்லி லேகியம் விற்பவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

பசித்த பின்பே உண்ண வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கு இன்றைய உடலியங்கியலில் தெளிவான விளக்கம் இருக்கிறது. இரைப்பையும் சிறுகுடலும் காலியாக இருக்கும் வேளைகளில், சுமார் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை ஓர் அலை நகர்ந்து செல்கிறது. செரியாத துணுக்குகளையும் உதிர்ந்த செல்களையும் பாக்டீரியாக்களையும் பெருங்குடலை நோக்கித் தள்ளும் துப்புரவுப் பணி அது. வெறும் வயிறு 'கடமுட' என்று ஒலிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. உணவு உள்ளே போனதும் இந்த அலை நின்றுவிடும். மறுபடியும் வயிறு காலியான பிறகே தொடங்கும். திட உணவு இரைப்பையை விட்டு வெளியேற ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகலாம்.

இந்தக் கணக்கை நம் சராசரி நாளோடு பொருத்திப் பாருங்கள். ஆறு மணிக்குப் பாலும் சர்க்கரையும் சேர்த்த காபி, எட்டரைக்கு இட்லி, பதினொரு மணிக்குத் தேநீரும் பிஸ்கட்டும், ஒன்றரைக்குச் சோறு, நான்கு மணிக்கு வடை, ஏழு மணிக்குத் தொலைக்காட்சியின் முன் முறுக்கு, பத்து மணிக்குப் புரோட்டா. விழித்திருக்கும் நேரத்தில் குடல் தன்னைக் கூட்டிப் பெருக்கிக்கொள்ள நாம் இடமே தருவதில்லை. வயிறு உப்புகிறது என்று வருவோரிடம் நான் முதலில் கைவைப்பது பதினொரு மணி பிஸ்கட்டிலும் ஏழு மணி முறுக்கிலும்தான். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்வோருக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இடைவேளை உணவைக் கைவிடக் கூடாது.

இனி அந்த மாத்திரைக்கு வருவோம். ஒமிப்பிரசோல் 1988-இல் சந்தைக்கு வந்தது. பான்டோபிரசோல் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய விசைகளை இவை பூட்டிவிடுகின்றன. இரைப்பைப் புண்ணுக்காகக் கத்தி எடுக்கும் தேவையைப் பெருமளவு குறைத்த நல்ல மருந்துகள் இவை. அவற்றை விஷம் என்று மேடையில் முழங்கும் மாற்று மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் கேள்வி எழுப்புவது காரணமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்வதைப் பற்றி. காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்க வேண்டியதைப் பலர் இரவு விருந்துக்குப் பிறகு, பரிகாரம்போல விழுங்குகிறார்கள். நீண்ட காலம் எடுப்போருக்கு வைட்டமின் பி12, மக்னீசியம் ஆகியவை குறையக்கூடும். திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடக்கப்பட்ட அமிலம் சில வாரங்களுக்கு முன்பைவிட அதிகமாகச் சுரக்கலாம். அந்த எரிச்சலைக் கண்டு அஞ்சி, 'மாத்திரை இல்லாமல் என்னால் வாழவே முடியாது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எரிவது நோயா, மருந்தை நிறுத்தியதன் எதிர்வினையா என்பதைப் பிரித்துச் சொல்ல அருகில் ஆள் இல்லை. மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைத்தால் பலரால் இதை விட்டு வெளியே வர முடிகிறது. அதே வேளையில், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் எடுப்போர் பலருக்கு, ரத்தக்கசிவைத் தடுக்கவே இந்த மாத்திரை தரப்படுகிறது. யாரோ ஒருவரின் காணொலியைப் பார்த்துவிட்டு அவர்கள் அதை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

என் துறையின் மீதும் இதே கண்டிப்பு வேண்டும். 'மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை' என்ற சொல் தமிழ்நாட்டில் எவ்வளவோ குடல்களைக் கெடுத்திருக்கிறது. நிலவாகை இலை சேர்ந்த பேதிப் பொடிகளை ஒவ்வோர் இரவும் வெந்நீரில் கலந்து பத்தாண்டுகளாகக் குடித்து வருவோரை நான் பார்க்கிறேன். அது சில நாள்களுக்கான மருந்து. தினமும் எடுத்தால் மலம் கழிக்கும் இயல்பான பழக்கம் தளர்ந்து, பொடி இல்லாமல் காலை விடியாது என்ற நிலை வரும். வயிற்றுப் புண்ணுக்கு நாங்கள் தரும் அதிமதுரமும் அவ்வாறே. அளவு மீறி நெடுநாள் எடுத்தால் ரத்த அழுத்தத்தை உயர்த்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும். மாத்திரை அட்டையின் இடத்தில் பொடி டப்பாவை வைத்துவிட்டால் வைத்தியம் ஆகிவிடாது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் சேர்ந்த பஞ்சதீபாக்கினி சூரணத்தை நானும் எழுதுகிறேன். பசி மந்தப்பட்டவருக்குச் சில வாரங்கள் மட்டும். நெஞ்செரிச்சலோடு வருபவருக்கு அதையே கொடுத்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் வார்த்த கதை.

பசிக்கு அடுத்தபடியாக நாம் மிகுதியாக அடக்குவது மலத்தை. இதைப் பற்றி நாகரிகமான இடங்களில் பேசுவதில்லை; அதனாலேயே நோய் முற்றுகிறது. காலையில் எழுந்து ஏதேனும் பருகியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு. அந்த உந்துதல் வரும்போது போகாமல் அடக்கினால் சிறிது நேரத்தில் அது மறைந்துவிடும். ஆனால், உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிறகு முக்கல், வெடிப்பு, மூலம். பள்ளி வேனைப் பிடிக்க ஓடும் குழந்தைக்குக் காலையில் பத்து நிமிடம் கிடைப்பதில்லை. பள்ளிக் கழிப்பறைக்குப் போகவும் அதற்கு விருப்பமில்லை. மாலை வரை அடக்குகிறது. அந்தக் குழந்தைக்குக் கடுக்காய் எழுதுவதைவிட, அரை மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள் என்று தாய் தந்தையிடம் சொல்வதே நல்ல வைத்தியம்.

பெரியவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஜவுளிக் கடையில் விற்பனையாளராக இருக்கும் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். அடிக்கடி கழிப்பறைக்குப் போனால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார் என்பதற்காகவே நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை. மதிய உணவை முறை வைத்து உண்பதால், கடைசி முறைக்குரியவர் நான்கு மணிக்குச் சாப்பிடுகிறார். 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கினார்கள், நல்ல சட்டம். நாற்காலிக்குச் சட்டம் இயற்ற முடிந்த நமக்கு, உரிய நேரத்தில் உணவும் தடையில்லாத கழிப்பறையும் கிடைப்பதை உறுதி செய்ய ஏன் முடியாது? ஒரகடத்தின் தொழிற்சாலைகளில் வாரம் ஒரு ஷிப்ட் மாறி வேலை செய்யும் இளைஞரிடம், 'சூரியன் சாய்ந்ததும் உண்டு முடியுங்கள்' என்று உபதேசிப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இரவுப் பணிக்குப் போகுமுன் முழு உணவு, நள்ளிரவில் எளிமையாக ஏதேனும், அதிகாலையில் புரோட்டாக் கடைப் பக்கம் போகாதிருத்தல் என்ற அளவில் சமரசம் செய்துகொள்கிறோம். அவருடைய பசியின் கடிகாரம் அவர் கையில் இல்லை.

கடிகாரம் கையில் இருப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள். தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியும் அதையே சொல்கிறது. இடப்பக்கம் படுக்கும்போது இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்வாக இருப்பதால் அமிலம் மேலேறுவது குறைகிறது. எரிச்சலுக்குக் குளிர்ந்த பால் குடிப்பது உடனே இதமாக இருக்கும். சற்று நேரம் கழித்து அமிலத்தை மேலும் சுரக்கச் செய்யும். தயிரைக் கட்டியாக உண்பதைவிட நீர் பெருக்கிய மோர் நல்லது.

பழைய சோற்றைப் பற்றிக் கேட்காதவர்கள் இப்போது இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோய்களுக்காக அதை ஆராய முற்பட்ட பிறகு அதன் மதிப்பு உயர்ந்துவிட்டது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது; அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. குடலின் உட்சுவரைப் பேணும் கொழுப்பு அமிலங்களை அவை உண்டாக்குகின்றன. இத்தனை நன்மையும் சின்ன வெங்காயத்தோடு உண்ணும் ஒரு கிண்ணத்துக்குத்தான். அரைத் தட்டு ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் உப்பின் கணக்கு வேறு.

உணவுமுறையைத் திருத்தினால் எல்லா வயிற்று நோயும் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். குன்மத்தை எட்டு வகையாகப் பிரித்த எங்கள் முன்னோர் கையில் நுண்ணோக்கி இல்லை. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை இனங்கண்டார்கள். இரைப்பைப் புண்ணுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை நிறுவியதற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமி இருக்கிறது என்று சோதனையில் தெரிந்தால் ஆன்டிபயாடிக் தேவை. அந்த நோயாளியை நான் குடல்நோய் நிபுணரிடம் அனுப்புகிறேன். காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், தார்போல் கறுத்த மலம், மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, ஐம்பதைத் தாண்டிய வயதில் புதிதாகத் தொடங்கிய செரியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபி போன்ற பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. சூரணம் எரிச்சலைத் தணித்து, உள்ளே வளரும் புற்றை மறைத்துவிடும் அபாயம் உண்டு.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது 'வாயுப் பிடிப்பு' என்ற சொல். நெஞ்சின் நடுவிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், வியர்வை, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல். இதற்கு நம் வீடுகளில் முதல் மருந்து சோடா. அடுத்தது இஞ்சிச் சாறு, பெருங்காயம். இதயத்தின் அடிப்பகுதியில் ஏற்படும் மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவே வெளிப்படலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், செரியாமைபோல வந்து போகலாம். ஏப்பம் விட்டதும் சற்றுக் குறைந்ததே என்று படுத்துவிடுகிறார்கள். ஈசிஜி எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். முதல் ஈசிஜி சரியாக இருந்து வலி தொடர்ந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்த ஒருவர் இப்படிப்பட்ட வலியோடு என் சிகிச்சை அறைக்கு வந்து, வாயுவுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டால் நான் நாடி பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. 108-ஐ அழைத்து, அவரை ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறேன்.