எங்கள் நாட்டை ஆராயவும் ஒரு டொக்டர் பட்டம்

சுவிஸ் வாழ் தமிழரின் இடப்பெயர்வு, குடியமர்வு, அரசியல் ஆகியவற்றைச் சேர்த்து ஆராயும் ஆங்கில நூலொன்று 1996இல் வெளியானது. எழுதிய கிறிஸ்தோபர் மக்டவல் தமிழரல்லர்.

எம்மவருக்கும் இத்தகைய ஆய்வு புதிதல்ல. கைலாசபதியும் சிவத்தம்பியும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க மொழி அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்தே கலாநிதிகளானார்கள். கரவெட்டியில் பிறந்த சிவத்தம்பி எடுத்த பொருள், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம். இலக்கியம் மட்டும் அதற்குப் போதவில்லை. வரலாறு, சமூகவியல், கிரேக்க நாடகம் எல்லாம் தேவைப்பட்டன.

இங்கே அந்தப் பாதைக்கு முதலில் ஜிம்னாசியம், பிறகு மத்தூரா. பிள்ளை வரலாறோ மானிடவியலோ படிக்கக் கேட்டால் மறிக்காதீர்கள். (அதுவும் டொக்டர் பட்டந்தான்!) ஜேர்மனோ பிரெஞ்சோ பள்ளிக்கூடத்தில் வந்துவிடும். ஊர்க் கடிதங்களையும் பழைய பத்திரிகைகளையும் வாசிக்கும் தமிழை நாம்தான் வீட்டில் பழக்கவேண்டும்.