இரவு பத்து மணிக்குப் பிறகு என்ன எரிகிறது?

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய மின்கட்டண முறையில், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகள் விரும்பினால் நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறிக்கொள்ளலாம். வார நாட்களில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை விலை அதிகம். மற்ற நேரங்களிலும் சனி, ஞாயிறுகளிலும் குறைவு. ஜொகூரின் தெப்ராவ் தாமான்களில் இதில் சேர்ந்த குடும்பம் இயல்பாக என்ன செய்யும்? துணி துவைப்பதையும் மின்கார் சார்ஜ் போடுவதையும் பத்து மணிக்குமேல் தள்ளிவைக்கும். பில் குறையும், சந்தேகமில்லை. ஆனால் நிலக்கரி குறையுமா என்பது வேறு கேள்வி. அதற்கு இந்தக் கட்டண முறையில் பதில் இல்லை.

காரணம் எளிது. மின்கட்டமைப்பு எப்போது திணறுகிறது என்பதைத்தான் இந்த விலை சொல்கிறது. அந்த நேரத்து மின்சாரம் எதை எரித்து வந்தது என்பதைச் சொல்வதில்லை. ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்தில் உள்ள தஞ்சோங் பின் நிலக்கரி நிலையத்தில் 700 மெகாவாட் அலகுகள் மூன்றும் 1,000 மெகாவாட் அலகு ஒன்றும் இருக்கின்றன. இத்தகைய கொதிகலன்களை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. இரவில் தேவை சரியும்போது பெரும்பாலும் முதலில் தணிக்கப்படுவது எரிவாயு நிலையங்கள். நிலக்கரி விடிய விடிய எரிந்துகொண்டிருக்கும். கூரைகளிலும் சோலார் பண்ணைகளிலும் வெயில் மின்சாரமாவதோ பகலில் மட்டும். பிற்பகல் இரண்டரைக்கு வெயில் கொளுத்தும்போது விலை உச்சத்தில் நிற்கிறது. சூரியனே இல்லாத நள்ளிரவில் மலிவாகிறது.

இந்த இடைவெளியை அடைக்கத் தேவையான தரவு ஏற்கெனவே சேர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒருமுறை பயன்பாட்டைப் பதிகிறது. எந்த எரிபொருளிலிருந்து எவ்வளவு மின்சாரம் வருகிறது என்பது கட்டமைப்பை இயக்குபவர்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமிலவாயு என்று அடுத்த நாளுக்கான முன்கணிப்பாக வெளியிட்டால் போதும். பிரிட்டனின் மின்கட்டமைப்பு நிறுவனம் 2017 முதல் இதைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் தருகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல், சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் காற்றாலை உற்பத்தியை முன்கூட்டிக் கணித்துத் தந்திருக்கிறது. காற்று எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் அனல் நிலையத்தை எவ்வளவு தணிக்கலாம் என்று துணிந்து சொல்ல முடியும். ஜொகூரின் சிக்கல் மேகம். பிற்பகல் இடிமழைக்கு வானம் இருண்டால் சோலார் உற்பத்தி சில நிமிடங்களில் சரிந்துவிடும். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அந்தச் சரிவை முன்னறிந்தால், காவலுக்கென்று எரியவிடும் எரிபொருள் குறையும்.

தரவைச் சேமிக்கவே மின்சாரம் வேண்டுமே, ஜொகூரின் தரவு மையங்கள்தானே புதிய சுமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குலாயில் ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மைய வளாகம் மட்டும் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்டது. தஞ்சோங் பின்னின் 700 மெகாவாட் அலகு ஒன்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் விழுங்கிவிடும் அளவு. ஆனால் அதனால்தான் நேரக் கணக்கு அங்கே இன்னும் அவசியமாகிறது. பகலில் உற்பத்தியான சோலார் மின்சாரத்துக்குச் சான்றிதழ் வாங்கி, ஆண்டுக் கணக்கில் ‘பசுமை’ என்று காட்டிவிட்டு, இரவெல்லாம் நிலக்கரியில் ஓடுவதை மணிக்கு மணி பார்க்கும் கணக்கு உடனே காட்டிக்கொடுக்கும். அவசரமில்லாத கணினி வேலைகளைத் தூய மின்சாரம் கிடைக்கும் நேரத்துக்கு மாற்றுவதைக் கூகுள் 2020இலேயே தொடங்கிவிட்டது. முடியாத காரியமல்ல.

மீட்டர் தரவு, வீட்டில் ஆள் எப்போது இல்லை என்பதையும் காட்டும் என்ற அச்சம் உண்மையானது. ஆனால் இதற்குத் தனி வீட்டின் கணக்கு தேவையே இல்லை; துணைமின் நிலைய அளவிலான மொத்தக் கணக்கு போதும். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. சோலாரின் பங்கு இன்று மிகச் சிறிது. நீங்கள் பகலுக்கு மாறினால் கூடுதலாக எரிவது எரிவாயுதான் என்பார்கள். உண்மை, இன்றைய பலன் சிறிது. எனினும் 2050க்குள் மின்னுற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்று அரசே இலக்கு வைத்திருக்கும்போது, இரவுக்கு மாறச் சொல்லி மக்களைப் பழக்குவது எதிர்த்திசையில் போவதாகும். எரிசக்தி ஆணையம் இந்த விலை நேரங்களை மறுபரிசீலனை செய்யவேண்டும்.

அதுவரை, நேரக் கட்டணத்தில் சேர்ந்தவர்கள் துணி துவைக்கும் இயந்திரத்தைக் காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் ஓட்டுங்கள். விலையும் குறைவு, வெயிலும் இருக்கும்.