கடல் கடந்து போகையில் காப்புறுதி வேண்டுமா?



தமிழகத்துக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்ற ஆசை இல்லாத குடும்பம் நம் தோட்டப்புறங்களில் மிகக் குறைவு. பழனிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கும். தாத்தா பிறந்த கிராமத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் நம் பெரியவர்கள் ரஜூலா கப்பலிலும், பின்னர் 1985 வரை சிதம்பரம் கப்பலிலும் ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இன்று கோலாலம்பூரில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கிவிடலாம்.

பயணம் சுலபமாகிவிட்டது. டிக்கெட் வாங்குவதும் சுலபமாகிவிட்டது. மகன் கைத்தொலைபேசியில் டிக்கெட் எடுக்கும்போது, இடையில் ஒரு கேள்வி வருகிறது: பயணக் காப்புறுதி வேண்டுமா? "எவ்வளவுடா?" என்று அம்மா கேட்கிறார். மகன் தொகையைச் சொல்கிறான். "வேண்டாம், அந்தக் காசுக்கு ஒரு வேளை எல்லாரும் சாப்பிடலாம்" என்கிறார் அம்மா. அரை நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. இன்னொரு வீட்டிலோ, என்ன ஏது என்று பார்க்காமலே "வாங்கிப் போடு, எதற்கும் இருக்கட்டும்" என்கிறார்கள். இரண்டு வீட்டாரும் யோசிக்காமல் முடிவெடுத்தவர்களே. எப்படி யோசிப்பது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

காப்புறுதி என்பது நமக்குப் புதிய விஷயம் அல்ல. தோட்டங்களில் மரண சகாய நிதி என்று ஒன்று நடத்தி வந்தோம். மாதந்தோறும் வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுப்போம். யார் வீட்டில் துக்கம் விழுந்தாலும் அந்த நிதியிலிருந்து செலவுக்குப் பணம் போகும். கொடுத்த எல்லார் வீட்டிலும் அந்த ஆண்டில் சாவு விழுவதில்லை. அதற்காக, "நான் கொடுத்த பணம் வீண்" என்று யாரும் வருத்தப்பட்டதும் இல்லை. காப்புறுதியும் இதே முறைதான். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுக்கும் சிறு சந்தாவிலிருந்து, அடிபட்ட சிலருக்குப் பெருந்தொகை போகிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மரண சகாய நிதியை நடத்தியவர் நம் பக்கத்து வீட்டுக்காரர். நம் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தவர். காப்புறுதி நிறுவனம் நம்மைப் பார்த்ததில்லை. அங்கே பேசுவது பத்திரம் ஒன்றுதான். பத்திரத்தில் உள்ளது கிடைக்கும், இல்லாதது கிடைக்காது.

ஆகவே முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த நட்டம் வந்தால் நம்மால் தாங்க முடியுமா? அதை ஏற்கெனவே வேறு யாராவது ஈடு செய்கிறார்களா? நம் குடும்பத்துக்கு வரக்கூடிய கஷ்டத்துக்கு இந்தப் பத்திரம் உண்மையிலேயே பணம் கொடுக்குமா?

முதலில் சிறு நட்டங்களைப் பார்ப்போம். பெட்டி காணாமற்போவது, பெட்டி இரண்டு நாள் தாமதமாக வருவது, விமானம் நேரத்துக்குக் கிளம்பாதது ஆகியவை இதில் அடங்கும். காப்புறுதி விளம்பரங்களில் இவைதான் பெரிதாகத் தெரியும். ஆனால் இவற்றுக்கு விமான நிறுவனமே ஓரளவு பொறுப்பு. 1999-ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கையில் மலேசியாவும் இந்தியாவும் சேர்ந்துள்ளன. அதன்படி, பெட்டி சேதமடைந்தால் கையில் கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். இழப்பீட்டுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள முகப்பில் புகார் எழுதிக் கொடுத்து, அதன் பிரதியை வாங்கிக்கொள்வது நல்லது. அதுபோலவே, 2016-இல் நம் நாட்டில் நடப்புக்கு வந்த விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் நிறுவனம் உணவு கொடுக்க வேண்டும்.

இரண்டு வேட்டியும் நான்கு புடவையும் போனால் மனம் வருந்தும். ஆனால் குடும்பம் கவிழ்ந்துவிடாது. இதற்காக மட்டும் காப்புறுதி வாங்குவதென்றால், வாங்காமலே இருக்கலாம். நகையையும் பணத்தையும் மருந்தையும் பெட்டியில் போடாமல் கையோடு வைத்துக்கொள்வதே இதற்குப் போதிய காப்பு.

அடுத்தது பெரிய நட்டம். நம் நாட்டில் அரசாங்க மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால், குடிமக்களாகிய நாம் கட்டுவது 1 வெள்ளி. இந்த 1 வெள்ளிக்கு நாம் மிகவும் பழகிப்போய்விட்டோம். விமானம் ஏறியதும் அந்த உரிமை கரையிலேயே நின்றுவிடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். வெளியூரில் மயக்கம் போட்டு விழுந்தால், பக்கத்தில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே முன்பணம் கேட்பது வழக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு நாளும் கணக்கு ஏறும். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர், பத்து நாள் மருத்துவமனைச் செலவைக் கடன் வாங்காமல் கட்ட முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

"சொக்சோ இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அந்தத் திட்டம் தொழிலாளிக்குப் பெரிய பாதுகாப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் கோயில் பயணத்தில் காய்ச்சலோ மாரடைப்போ வந்தால், வெளிநாட்டுத் தனியார் மருத்துவமனை நீட்டும் பில்லை அது கட்டாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல மனம் வராது. இருந்தாலும் சொல்லாமல் விடக்கூடாது. போன இடத்தில் ஒருவர் இறந்துவிட்டால், உடலை ஊருக்குக் கொண்டுவர மரணச் சான்றிதழ் வேண்டும், உடலைப் பதப்படுத்தியதற்கான சான்றிதழ் வேண்டும், காவல் துறையின் கடிதம் வேண்டும், பெட்டி வேண்டும், விமானத்தில் சரக்குக் கட்டணம் கட்ட வேண்டும். சென்னையில் நம் நாட்டின் துணைத் தூதரகம் இருக்கிறது. தாள் வேலைகளுக்கு அவர்கள் வழிகாட்டுவார்கள். செலவு குடும்பத்தினுடையது. துக்கத்தில் இருக்கும் குடும்பம் அன்றைக்குப் பணத்துக்கு எங்கே போகும்? நல்ல பயணக் காப்புறுதியில் மருத்துவச் செலவு, நோயாளியைத் தாயகத்துக்குக் கொண்டுவரும் செலவு, உடலைக் கொண்டுவரும் செலவு ஆகிய மூன்றும் இருக்கும். காப்புறுதியின் உயிர் இந்த மூன்றில்தான் இருக்கிறது. மற்றவையெல்லாம் அதற்குப் போட்ட பூச்சு.

ஆசிய நாடுகளுக்கு இரண்டு வாரம் போய்வர, ஓர் ஆளுக்குச் சந்தா பொதுவாகச் சில பத்து வெள்ளிதான் ஆகும். வயதானவர்களுக்குக் கூடுதலாகலாம். முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்தினால், "அப்படியானால் வாங்கிவிடலாமே" என்றுதான் தோன்றும். மூன்றாவது கேள்வியில்தான் நம்மவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் அனுபவம் இது. தந்தை பேராக்கில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக இனிப்பு நீர். மனைவி, மகனுடன் ஊருக்குப் புறப்பட்டார். காப்புறுதியும் வாங்கினார்கள். "அப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டாமா?" என்று மகன் கேட்டான். "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள், தம்பி" என்றார் விற்றவர். மதுரையில், உச்சி வெயிலில், கோயில் பிரகாரத்தில் அவர் வெறுங்காலோடு நடந்தார். கல் சூட்டில் பாதம் கொப்பளித்தது. இனிப்பு நீரால் உணர்ச்சி மங்கிய கால், வலி தெரியவில்லை. மூன்றாம் நாள் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தபோதுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒன்பது நாள் இருந்தார். இரண்டு விரல்களை எடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள்.

ஊர் திரும்பி, பில்களையெல்லாம் அடுக்கிக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். முன்பே இருந்த நோயினால் வந்த கேடு இது. பத்திரத்தில் இது விலக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள். உண்மைதான், எழுதியிருந்தது. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடையிலிருந்து திரும்பி வர வெகுகாலம் ஆயிற்று.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? நிறுவனம் நோயைப் பற்றிக் கேட்கவில்லை என்பதால், அந்த நோய்க்கும் காப்பு உண்டு என்று பொருளாகாது. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குக் கவனமாக உண்மையைச் சொல்வது நம் கடமை. கேட்காததை விலக்குப் பகுதியில் தேடிப் படிப்பது நம் புத்திசாலித்தனம். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இருதய நோய் ஆகிய மூன்றில் ஒன்று இல்லாத பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்? அப்படிப்பட்டவருக்கு வாங்கும்போது, "இந்த நோயினால் படுக்க நேர்ந்தால் பணம் கொடுப்பீர்களா?" என்று நேரடியாகக் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். சில பத்திரங்கள் கூடுதல் சந்தா பெற்று, ஒரு வரம்பு வரை ஏற்கின்றன. கிடைக்காவிட்டால், விபத்துக்கும் புதிய நோய்க்கும் மட்டுமே காப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, கையில் அவசரப் பணம் வைத்துக்கொண்டு போக வேண்டும். புறப்படும் முன் மருத்துவரைப் பார்ப்பதும், போதிய மருந்தை எடுத்துச் செல்வதும், பிரகாரத்தில் காலுறை போட்டு நடப்பதும் சந்தா இல்லாத காப்புறுதி.

வாங்குவதென்று முடிவு செய்தவர்களுக்குச் சில குறிப்புகள். டிக்கெட் வாங்கிய உடனே வாங்குங்கள். அப்போதுதான், புறப்படும் முன்பே யாராவது நோயில் விழுந்து பயணம் தடைப்பட்டால் டிக்கெட் பணத்துக்கும் வழி இருக்கும். விமானம் ஏறிய பிறகு வாங்க முடியாது. வயது வரம்பையும் நாள் வரம்பையும் பாருங்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்குப் பல பத்திரங்களில் தொகை குறைந்துவிடும். மது அருந்திவிட்டு ஏற்படும் விபத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. சுற்றுலாக் குழுவோடு போகிறவர்கள், "காப்புறுதி உள்ளடக்கம்" என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், தங்கள் பெயர் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பத்திரத்திலுள்ள 24 மணி நேர உதவித் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கடப்பிதழோடு வையுங்கள். மருத்துவமனையில் சேர்ந்ததும் முதலில் அந்த எண்ணுக்குப் பேசுங்கள். பெரிய செலவுக்கு நிறுவனம் நேரடியாகப் பொறுப்பேற்கக்கூடும். சிறு செலவை நாமே கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெற முடியும். ஆகையால் மூல ரசீதும் மருத்துவ அறிக்கையும் ஒன்று விடாமல் வேண்டும். திருட்டு என்றால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்துப் பிரதி வாங்குங்கள்.

நியாயமாகக் கிடைக்க வேண்டிய பணத்தை நிறுவனம் மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். 2025 ஜனவரி முதல் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பு இயங்கி வருகிறது. நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த 6 மாதத்துக்குள் அங்கே முறையிடலாம். கட்டணம் இல்லை. தாள்களைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே அங்கும் வலு.

எல்லாப் பயணத்துக்கும் காப்புறுதி வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஜொகூரிலிருந்து காலையில் சிங்கப்பூர் போய் மாலையில் திரும்பும் உடல்நலமுள்ள இளைஞர், தலைவலி காய்ச்சல் என்றால் பாலத்தைக் கடந்து நம் மருத்துவமனைக்கே வந்துவிடலாம். விபத்து அபாயம் மட்டும் அவருக்கு உண்டு. அதை எண்ணி அவரே முடிவு செய்யட்டும். ஆனால் வயதான தாய் தந்தையோடு, இரண்டு வாரம், கடல் கடந்து போகிறவரின் கணக்கு வேறு.

நேயர்களே, அடுத்த முறை அந்தக் கேள்வி கைத்தொலைபேசியில் வரும்போது, உடனே விரலை வைக்க வேண்டாம். ஒரு நாள் பொறுங்கள். பத்திரத்தின் விலக்குப் பகுதியை மகனோ மகளோ உரக்கப் படிக்கட்டும். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கேளுங்கள். அப்பாவின் இனிப்பு நீர் அதில் எங்கே வருகிறது என்று பாருங்கள். பிறகு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவு செய்யுங்கள். எது செய்தாலும், தெரிந்து செய்ததாக இருக்கும்.

உங்கள் பயணம் நலமாக அமையட்டும். வணக்கம்.