கேதார யாத்திரைக்கு உகந்த உடை

தேவாரப் பாடல் பெற்ற வடநாட்டுத் தலங்களுள் ஒன்று திருக்கேதாரம். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தவாறே இத்தலத்து இறைவனைப் பாடிப் பணிந்தனர். இன்றோ அறுபது, எழுபது வயதைக் கடந்த அன்பர்கள் பலர் நேரிலேயே சென்று அப்பெருமானைத் தரிசிக்கும் பேறு பெறுகின்றனர். அக்ஷய திருதியையை ஒட்டித் திறக்கப்படும் சந்நிதி, தீபாவளியை அடுத்துவரும் யமத்விதீயையன்று அடைக்கப்படுகிறது. இடையில் எந்த மாதத்தில் சென்றாலும் அங்கே குளிர் உண்டு. மழையும் எந்நேரமும் பெய்யக்கூடும்.

கௌரிகுண்டத்திலிருந்து கோயில் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைப்பாதை. கௌரிகுண்டம் சுமார் 1,980 மீட்டர் உயரத்திலும், கேதாரம் சுமார் 3,580 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறுவதற்குள் 6 அல்லது 7 டிகிரி வெப்பம் குறைவது மலைகளின் இயல்பு. ஆகவே, புறப்படும் இடத்தைவிடச் சேரும் இடம் சுமார் 10 டிகிரி குளிர்ந்திருக்கும்.

தடித்த ஸ்வெட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். அதைவிட, மெல்லிய உடைகளை மூன்று அடுக்காக அணிவதே நலம். அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று உடற்சூட்டைக் காக்கும். வேண்டும்போது ஒன்றைக் களையவும் அணியவும் இயலும்.

முதல் அடுக்கு, உடலை ஒட்டிய மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை. கடைகளில் 'தெர்மல்' என்று கேட்டால் தருவார்கள். இரண்டாவது, கம்பளி ஸ்வெட்டர். மூன்றாவது, காற்றையும் மழையையும் தடுக்கும் மழைக்கோட்டு. மலைக்காற்றில் குடையை நம்ப இயலாது.

நம் ஊர் வெயிலுக்கு இதமான பருத்தி, அங்கே உடலை ஒட்டி அணியத் தகாது. பருத்தி வியர்வையையும் மழைநீரையும் உறிஞ்சி வெகுநேரம் வைத்துக்கொள்ளும். ஈரத்துணி உடற்சூட்டை விரைந்து கவர்ந்துவிடும். கம்பளியோ சற்று நனைந்தாலும் ஓரளவு வெப்பம் தரும். மடி ஆசாரம் பேணுவோர் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை. பட்டும் கம்பளியும் மடிக்கு உகந்தவை என்பது நம் இல்லங்களில் வழிவழியாக வந்த வழக்கமே. வேஷ்டியில்தான் தரிசிக்க வேண்டும் என்பவர்கள், அதனைப் பையில் உலர வைத்திருந்து, மேலே சென்றபின் உள்ளாடையின்மீது உடுத்திக்கொள்ளலாம். புடவை உடுத்தும் தாய்மார்கள் உள்ளே கம்பளிக் காற்சட்டை அணிந்து, விரைவில் உலரும் புடவையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டுவது நன்று. ஈரமான கொசுவம் காலைத் தடுக்கும்.

நடந்து செல்வோர் ஏறும்போது, வியர்க்கும் முன்னரே ஸ்வெட்டரைக் களைய வேண்டும். ஓய்வுக்கு அமர்ந்தவுடன், குளிர் தெரியும் முன்னரே அணிய வேண்டும். குதிரையிலும் டோலியிலும் செல்வோருக்கு உடல் அசைவு குறைவாதலால் உடற்சூடும் குறைவாகவே உண்டாகும். எனவே அவர்கள் நடப்போரைவிடக் கூடுதலாகப் போர்த்திக்கொள்ளல் வேண்டும். ஹெலிகாப்டரில் செல்வோர் சில நிமிடங்களிலேயே குளிருக்குள் இறங்குவர். அவர்களது கம்பளி கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

காதை மூடும் குல்லாய், கையுறை, இரண்டு மூன்று இணை கம்பளிக் காலுறை, வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி ஆகியவையும் தேவை. புதுக்காலணியைச் சில வாரங்கள் முன்னரே அணிந்து பழகுக. ஒரு முழு மாற்றுடையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்துக்கொள்க. மேலே நீராடினால் தலையை நன்றாகத் துவட்டிவிட்டே வெளியே வருக.

வயது ஏற ஏறக் குளிரை உணரும் திறன் குறைகிறது. ஆதலால் உடன் வருவோர் கவனிக்க வேண்டும். விடாத நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, காரணமற்ற உறக்கம் ஆகியவை குளிர் உடலைத் தாக்கியதன் அறிகுறிகள். நடுக்கம் நின்றபின்னும் சோர்வு மிகுந்தால் குணமாகிவிட்டது என்று கருதலாகாது. ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடையும் கம்பளியும் போர்த்தி, தெளிவாக விழுங்க முடிந்தால் சூடான இனிப்புப் பானம் தந்து, உடனே மருத்துவ உதவியை நாடுக. தலைவலியும் மூச்சுத்திணறலும் மிகுந்தால் தரிசனத்தை விடுத்தேனும் கீழே இறங்குவதே அறிவுடைமை.

இருந்த இடத்திலிருந்தே பாடியவர்களுக்கும் அருளியவன் கேதாரநாதன். பாதி வழியில் திரும்ப நேர்ந்த அன்பரையும் அவன் மறப்பானல்லன்.