வினவல் நேரத்தை அளப்பது எப்படி?

தரவுத்தளத்திடம் ஒரு வினவலைக் கொடுத்து விடை பெறுவதற்குள் பல வேலைகள் நடந்து முடிகின்றன. கட்டளையைப் பகுத்துப் பார்க்க வேண்டும், எந்த வழியில் தேடினால் செலவு குறையும் என்று திட்டமிட வேண்டும், தரவை எடுக்க வேண்டும், எடுத்ததை வலையமைப்பு வழியே அனுப்ப வேண்டும். பயனர் உணரும் தாமதம் இவற்றின் கூட்டுத்தொகை.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பிஎஸ்கியூஎல் கருவியில் 'டைமிங்' வசதியை இயக்கினால் இந்த மொத்த நேரம் மில்லிவினாடியில் தெரியும். ஆனால் நேரம் எங்கே செலவானது என்று அறிய 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' வேண்டும். அது வினவலை உண்மையாகவே இயக்கி, ஒவ்வொரு படிக்கும் ஆன நேரத்தையும், எதிர்பார்த்த வரிசைகளையும், கிடைத்த வரிசைகளையும் காட்டும். 'டெலீட்' கட்டளையை இப்படி அளந்தால் வரிசைகள் அழிந்தே போகும். பரிவர்த்தனைக்குள் இயக்கி 'ரோல்பேக்' செய்துவிடுவதே பாதுகாப்பு.

இந்த அறிக்கையில் பலரும் கவனிக்கத் தவறுவது 'லூப்ஸ்' என்ற எண்ணை. ஒரு படிக்கு 0.035 மில்லிவினாடி என்று இருந்தால் அற்பமாகத் தோன்றும். அது ஒரு சுற்றின் சராசரிதான். பக்கத்தில் லூப்ஸ் 10,000 என்றிருந்தால், அந்தப் படி விழுங்கிய நேரம் 350 மில்லிவினாடி. எதிர்பார்த்தது 10 வரிசை, வந்தது ஒரு லட்சம் என்றால், திட்டமிடும் பகுதியிடம் உள்ள புள்ளிவிவரம் பழசாகியிருக்கலாம்.

ஒரே முறை அளந்து முடிவுகட்டக் கூடாது. முதல் முறை வட்டிலிருந்து வந்த 8 கிலோபைட் பக்கங்கள் அடுத்த முறை நினைவகத்திலேயே இருக்கும்; அதே வினவல் பல மடங்கு வேகமாக ஓடக்கூடும். 'பஃபர்ஸ்' விருப்பத்தையும் சேர்த்தால், எத்தனை பக்கங்கள் தரவுத்தளத்தின் நினைவகத்தில் கிடைத்தன, எத்தனை வெளியிலிருந்து வந்தன என்பது தெரிந்துவிடும்.

இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பில் மெதுவான வினவலைவிட அடிக்கடி வரும் வினவலே சில நேரம் பெரும் சுமை. 8 வினாடி எடுப்பது நாளுக்கு 20 முறை ஓடினால் 160 வினாடி; 2 மில்லிவினாடி எடுப்பது 5 லட்சம் முறை ஓடினால் 1,000 வினாடி. 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' நீட்சி இந்த மொத்தக் கணக்கை வைத்திருக்கும்.

மைஎஸ்கியூஎல்லில் மெதுவான வினவல்களுக்கென்றே தனிப் பதிவேடு உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும். இயக்கினாலும் 10 வினாடியைத் தாண்டியவையே பதிவாகும். இணையதளத்துக்கு இந்த வரம்பு மிக அதிகம். நிர்வாகிகள் அதை முதலில் குறைத்துவிட வேண்டும்.