கடினம் வேறு, முறியாமை வேறு!

பழம் நறுக்க, பொட்டலக் கயிறு அறுக்க, அட்டைப் பெட்டியைப் பிரிக்க என்று அன்றாடம் பயன்படும் மடக்குக் கத்திகள் இன்று இணைய அங்காடிகளில் எண்ணற்ற வகைகளில் கிடைக்கின்றன. அவற்றின் விளம்பரங்களில் 'டி2 எஃகு', '60 ஹெச்ஆர்சி' என்பன போன்ற குறிப்புகள் தவறாமல் இடம்பெறுகின்றன. எண் கூடினால் தரமும் கூடும் என்று கருதிக் கூடுதல் விலை கொடுப்போர் பலர். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

'ஹெச்ஆர்சி' என்பது ராக்வெல் அளவுகோலில் எஃகின் கடினத்தன்மையைக் குறிப்பதாகும். ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற அமெரிக்கர்கள் இருவர் உருவாக்கிய இச்சோதனைக்கு 1919-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. கூம்பு வடிவ வைரமுனையை 150 கிலோ சுமையில் எஃகின்மீது அழுத்தி, அது எவ்வளவு ஆழம் பதிகிறது என்று பார்ப்பார்கள். பதியும் ஆழம் குறையக் குறைய எண் கூடும். சோதனை சில நொடிகளில் முடிந்துவிடும். சிறு புள்ளி ஒன்றைத் தவிரப் பொருளுக்குச் சேதமும் இல்லை.

முறியாத் தன்மை என்பது இதிலிருந்து வேறுபட்டது. அழுந்தாமல் எதிர்த்து நிற்பது கடினத்தன்மை. விசையை உள்வாங்கிக்கொண்டு, விரிசல் விடாமல் தாங்குவது முறியாத் தன்மை. கண்ணாடி கடினமானது, செப்புக் கம்பி மென்மையானது. ஆனால், ஓங்கி அடித்தால் நொறுங்குவது கண்ணாடிதான்.

முறியாத் தன்மையை அளக்க சார்பி சோதனை என்று ஒன்று உண்டு. ஊசலாடும் சம்மட்டியால் எஃகுத் துண்டை உடைத்து, அதை உடைக்க எவ்வளவு ஆற்றல் செலவானது என்று கணக்கிடுவார்கள். ஆக, இந்தச் சோதனைக்கு உட்பட்ட துண்டு மிஞ்சாது. விற்பனைக்கு வரும் கத்தியில் இதைச் செய்து பார்க்க இயலாது. அட்டைப்பெட்டியில் கடினத்தன்மை எண் மட்டும் இடம்பெறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரே எஃகில் இவ்விரு குணங்களும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் செல்பவை. துருப்பிடிக்காத கத்தி எஃகை ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி விரைந்து குளிர்விக்கும்போது அது மிகக் கடினமாகிறது. கூடவே எளிதில் நொறுங்குவதாகவும் ஆகிறது. பிறகு குறைந்த சூட்டில் மீண்டும் பதப்படுத்தினால், கடினம் சற்றுக் குறைந்து தாங்குதிறன் கூடுகிறது. நம் கொல்லர்கள் 'தோய்ச்சல்' என்று சொல்லும் கலையின் நுட்பம் இதுதான். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் எஃகின் உள்மணிகள் பெருத்து, எளிதில் முறியும். அப்போதும் கடினத்தன்மை எண் 60 என்றே காட்டக்கூடும்.

எஃகின் சேர்மானமும் முக்கியமானது. டி2 எஃகில் ஏறத்தாழ 1.5 சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் உள்ளன. இவை சேர்ந்து உருவாக்கும் பெரிய கார்பைடு துகள்கள் தேய்மானத்தைத் தடுக்கின்றன. ஆனால், விரிசல் தொடங்கும் இடங்களாகவும் அவையே அமைகின்றன. சுவீடன் நாட்டின் 14சி28என் எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.62 சதவீதம்தான். அதன் துகள்கள் மிக நுண்மையானவை. இரண்டும் ஒரே கடினத்தில் இருந்தாலும் இரண்டாவது எளிதில் முறியாது. முதலாவது நீண்ட நாள் கூர் மழுங்காது. எது சிறந்தது என்பதைப் பயன்பாடே தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு நல்ல சான்று சுவிஸ் ராணுவக் கத்தி. கார்ல் எல்ஸனர் 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்கு வழங்கத் தொடங்கிய கத்தியின் வழிவந்த விக்டோரினாக்ஸ் கத்தியில், அலகின் கடினத்தன்மை 56. கத்தரிக்கோலுக்கும் மர ரம்பத்துக்கும் 53. திருப்புளிக்கும் டப்பா திறப்பானுக்கும் 52. தக்கை திருகிக்கும் வில்லுக்கும் 49. ஒரே கைப்பிடிக்குள் நான்கு எண்கள்! அறுப்பதற்குக் கடினம் வேண்டும். முறுக்குவதற்கும் வளைவதற்கும் தாங்குதிறன் வேண்டும் என்பதை அந்த வடிவமைப்பே உணர்த்துகிறது. 60 என்று விளம்பரப்படுத்தும் கத்தியைவிட 56 உள்ள கத்தி தாழ்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறினால் என்னவாகும் என்பதை வரலாறு பெரிய அளவில் காட்டியிருக்கிறது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில், அமைதியான நீரில் நின்றிருந்த 'ஷெனக்டடி' என்ற புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென இரண்டாகப் பிளந்தது. அக்காலக் கப்பல்கள் பலவற்றில் இத்தகைய முறிவுகள் நேர்ந்தன. பற்றவைப்பின் குறைகளோடு, குளிரில் நொறுங்கும் தன்மையை அடையும் எஃகும் இதற்குக் காரணம் என்பது கேம்பிரிட்ஜ் அறிவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பரின் ஆய்வால் தெளிவானது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இதில் ஒரு சந்தைச் சிக்கலையும் நான் காண்கிறேன். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல பொருளும் மட்டமான பொருளும் ஒரே விலைக்குப் போட்டியிடும். நாளடைவில் நல்ல பொருள் சந்தையைவிட்டு விலகும் என்று 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் விளக்கினார். 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பொறுமையாகப் பதப்படுத்துவதற்குச் செலவாகும். அந்தச் செலவு வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. பெட்டியில் அச்சிடப்படும் எண்ணோ கண்ணுக்குத் தெரியும். போட்டி எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

அப்படியானால் சாதாரண நுகர்வோர் எப்படித் தீர்மானிப்பது? முதலில், எஃகின் பெயரையும் கடினத்தன்மை எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் விளம்பரம் முழுமையற்றது. அடுத்து, அலகின் கனத்தைக் கவனிக்க வேண்டும். கனம் இரு மடங்கானால் வளைவைத் தாங்கும் வலிமை நான்கு மடங்காகும் என்பது இயந்திரவியல் விதி. ஆனால், கனம் கூடினால் அறுக்கும் திறன் குறையும்.

மூன்றாவதாக, சில வாரங்கள் பயன்படுத்தியபின் கத்தியின் கூரை விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கூர் ஒரு பக்கமாக மடங்கியிருந்தால், எஃகு மென்மையாக இருக்கலாம். சிறு பற்கள்போல் உதிர்ந்திருந்தால், அது நொறுங்கும் தன்மை உடையதாக இருக்கலாம். உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. தொழிற்சாலையில் கூர் தீட்டும்போது உண்டான சூட்டினால் விளிம்பு மட்டும் கெட்டிருக்கக்கூடும். சாணைக்கல்லில் இரண்டு மூன்று முறை தீட்டியபின்னும், கோணத்தைச் சற்று அகலமாக்கியபின்னும் உதிர்வது தொடர்ந்தால்தான் குறை எஃகில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

கத்தியைச் சுத்தியலால் அடித்தோ, நெம்புகோலாக வளைத்தோ வீட்டில் சோதிப்பது கூடாது. முறிந்த துண்டு கண்ணைப் பறித்துவிடும்.

வீடு கட்டும் கம்பிக்கு நம் நாட்டில் தெளிவான தர நிர்ணயம் இருக்கிறது. ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தர நிர்ணயம் கம்பியின் வலிமையை மட்டும் கேட்பதில்லை. முறியுமுன் எவ்வளவு நீள வேண்டும் என்பதையும் வரையறுக்கிறது. 'எஃப்இ 500' கம்பிக்கு அது குறைந்தது 12 சதவீதம். 'எஃப்இ 500டி' கம்பிக்கு 16 சதவீதம். அந்த ஓர் எழுத்து நிலநடுக்கத்தில் உயிர் காக்கும். கத்தி உற்பத்தியாளர்களும் தங்கள் எஃகை எப்படிப் பதப்படுத்தினார்கள், மாதிரித் துண்டுகளில் முறிவுச் சோதனை என்ன காட்டியது என்பதை வெளியிட முன்வர வேண்டும். கேட்கும் நுகர்வோர் பெருகினால்தான் அது நடக்கும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).