இலக்கணம் சரி, ஊர் எது?

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலுக்கென்று ஓர் அமைப்பு உண்டு. பத்திரிகையில் வாசித்தும் வானொலியில் கேட்டும் பழகியவர்களுக்கு அது மனப்பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதி காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னின்னாரின் தாயாரும், சகோதரியும், மாமியாரும், பேத்தியாரும் ஆவார். கிரியைகள் எத்தனை மணிக்கு, பூதவுடல் எந்த மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும் என்பதோடு முடியும். கீழே, 'தகவல்: குடும்பத்தினர்'.

அம்மா காலமானார், அறிவித்தல் எழுதித் தா என்று மட்டும் ஓர் உரையாடல் செயலியிடம் கேட்டால் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 'எங்கள் அன்பான தாயார் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் பகிர்ந்துகொள்கிறோம். அவர் ஒரு அன்பான தாயாகவும், ஒரு வழிகாட்டும் ஒளியாகவும் இருந்தார். அவரது மரபு எங்கள் இதயங்களில் என்றென்றும் வாழும்.'

'ஒரு அன்பான' என்பதை 'ஓர் அன்பான' என்று மாற்றிவிட்டால் இலக்கண ஆசிரியர்கூடக் குறைசொல்ல மாட்டார். ஆனால் போனவர் வட்டுக்கோட்டையா வல்வெட்டித்துறையா, யாருடைய பிள்ளை, எந்த மயானம் என்று பத்திரிகையைப் பிரித்தவர் கேட்கும் ஒரு கேள்விக்கும் இதில் பதில் இல்லை. ஆங்கில அனுதாப அட்டைக்கு எழுதினது தமிழ் எழுத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி வருவதை ஊரார் வாசிக்கக்கூடிய தமிழாக்குவது இப்போது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அச்சகத்தில் புறூவ் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. புறூவ் பார்ப்பவர் எழுத்தைத் திருத்துகிறார். எழுதினவருக்குச் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது என்று நம்பித் திருத்துகிறார். இயந்திரத்தின் எழுத்தில் அந்த நம்பிக்கையை வைக்க முடியாது. ஏன் என்று விளங்க, அது எப்படி எழுதுகிறது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும்.

2022 நவம்பரில் வெளிவந்த சற்ஜிபிடியும் அதன் பின்வந்த மற்றவையும் அடிப்படையில் செய்வது ஒரே வேலை. இதுவரை எழுதியதைப் பார்த்து, அடுத்து எந்தத் துண்டு வரச் சாத்தியம் கூட என்று கணக்கிட்டு அதைப் போடுவது, பிறகு அதற்கடுத்தது. துண்டு என்றால் முழுச்சொல் என்று எண்ணவேண்டாம். 'யாழ்ப்பாணம்' என்று தமிழில் எழுதினால் ஆறு எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினாலும் ஆறு எழுத்துத்தான். ஆனால் கணினியின் யூனிகோட் சேமிப்பில் ஆங்கிலப் பெயருக்கு 6 பைட் போதும், தமிழ்ப் பெயருக்கு 33 பைட் வேண்டும். குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடாகி, ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதுதான் காரணம். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த துண்டாக்கும் முறைகளில் தமிழ்ச்சொல் அடிக்கடி பொடிப்பொடியாகிவிடும். பயிற்சிக்குக் கிடைத்த எழுத்தும் குறைவு. 2020இல் வந்த, சற்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3 பயின்றதில், சொற்கணக்கில் ஏறத்தாழ 93 சதவீதம் ஆங்கிலம். மற்ற உலக மொழிகள் எல்லாம் மிச்சத்துக்குள் நெருக்கிக்கொண்டு நின்றன. இணையத்தில் உள்ள தமிழிலும் தமிழகச் செய்தித்தள நடைதான் ஓங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்தார் எழுதியது அதற்குள்ளும் ஒரு சிறு பங்கு.

இதற்குமேல் இன்னொரு பயிற்சி. மனிதர்களைக் கொண்டு விடைகளுக்குப் புள்ளி போடுவித்து, அவர்களுக்குப் பிடித்த மாதிரி எழுதப் பழக்குகிறார்கள். பணிவான, நிறைவான, யாருக்கும் நோகாத விடைக்குப் புள்ளி கூடும். எல்லாவற்றையும் 'முக்கியமானது' என்பதும், அடைமொழியை மூன்று மூன்றாகச் சேர்ப்பதும், கடைசியில் ஒரு நல்லுரை சொல்லாமல் விடாததும் இந்தப் பழக்கத்தோடு வந்தவை என்றே நினைக்கிறேன்.

ஒரு பந்தியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒடியற் கூழைப் பற்றி எழுதச் சொன்னால் இந்த மாதிரி ஒன்று வரும்:

'ஒடியல் கூழ் என்பது யாழ்ப்பாணத்தின் வளமான பாரம்பரியத்தைப் பிரதிபலிக்கும் ஒரு சுவையான கடல் உணவு சூப் ஆகும். இது ஒடியல் மாவு, மீன், நண்டு மற்றும் காய்கறிகளைப் பயன்படுத்தித் தயாரிக்கப்படுகிறது. இது வெறும் உணவு மட்டுமல்ல, மக்களை ஒன்றிணைக்கும் ஒரு அனுபவம்.'

புதிதாகத் திருத்தவருபவர் முதலில் சொல்லில் கைவைப்பார். 'மற்றும்' போய் 'நண்டு, மரக்கறி' ஆகும். 'என்பது... ஆகும்' என்ற கட்டு அவிழும். 'தயாரிக்கப்படுகிறது' என்பது 'காய்ச்சுவார்கள்' ஆகும். வாக்கியம் இலேசாகும், பந்தி மட்டும் வெறுமையாகவே கிடக்கும். 'வளமான பாரம்பரியம்' என்ற சொற்கள் வந்து உட்கார்ந்திருப்பது தகவல் இருக்கவேண்டிய இடத்தில். அந்தச் சொற்களை எடுத்தால் தகவல் தானாக வந்துவிடாது. யாரிடமாவது கேட்டு எழுதவேண்டும். கூழ் காய்ச்சத் தெரிந்த ஒருவரைக் கேட்டபின் பந்தி இப்படி மாறும்:

'பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் அது புழுக்கொடியல், கூழுக்கு ஆகாது. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கைப்புப் போக மேல்தண்ணீரை ஊற்றிவிடவேண்டும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் அவிந்து வரும்போது மாவைக் கரைத்துவிட்டு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்ப்பார்கள். பிலாவிலையைக் கோலிக் குடிப்பது வழக்கம்.'

முதற் பந்தியில் இருந்து இதற்கு வந்து சேர்ந்தது 'ஒடியல்', 'மீன்', 'நண்டு' போன்ற சில பெயர்கள் மட்டும். இதைத் திருத்தம் என்று சொல்வதா, புதிதாக எழுதுவது என்று சொல்வதா என்று கேட்டால், நல்ல திருத்தத்தில் பாதி இதுதான் என்பேன்.

அடுத்தது உறவு முறை. உரையாடல் வரும் எழுத்தில் இயந்திரம் கூடுதலாகத் தடுமாறுவது இங்கேதான். யாழ்ப்பாணப் பேச்சில் 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவே 'நீர்' இருக்கிறது. கணவன் மனைவியிடமும், ஆசிரியர் வளர்ந்த மாணவரிடமும், ஒத்த வயதினர் தங்களுக்குள்ளும் 'நீர் எப்ப வந்தனீர்?' என்று கேட்பது இன்றும் உண்டு. சென்னைக் காதுக்கு அது புராணப்படம் போல ஒலிக்கும், இயந்திரத்துக்கும் அப்படியே. ஒன்றில் 'நீ' என்று இறக்கிவிடும், அல்லது 'நீங்கள்' என்று ஏற்றிவிடும். 'அப்பா நேற்று வந்தவர்' என்ற வாக்கியத்தைக் கொடுத்தால் 'வந்தார்' என்று திருத்தித் தரப் பார்க்கும். அங்கே 'வந்தவர்' என்பதே முடிந்த வினை என்பது அதற்குப் பிடிபடுவதில்லை. 'யாழ்ப்பாணத் தமிழில் எழுது' என்று கட்டளையிட்டாலோ கதை வேறு. 'கெதியா', 'வடிவா', 'பேந்து' மூன்றையும் வரிக்கு ஒன்றாகத் தூவி, முடிவில் ஒரு 'பா'வையும் போட்டுவிடும். எங்கள் மேடை நகைச்சுவைகளிலும் இதே குறை உண்டு. இயந்திரத்தை மட்டும் பழிக்க முடியாது. கட்டுரைக்கு இந்தச் சொற்கள் பெரும்பாலும் வேண்டியதே இல்லை. ஊர் தெரிவது பேச்சுச் சொல்லால் மட்டும் அல்ல: காணியைச் 'சென்ட்' கணக்கில் சொல்லாமல் பரப்பில் சொல்வதாலும், 'பிளஸ் டூ' என்னாமல் உயர்தரம் என்பதாலும், 'கிராம நிர்வாக அலுவலர்' இருக்கும் இடத்தில் கிராம அலுவலரை நிறுத்துவதாலும் தெரியும்.

திருத்துகிற வரிசையும் முக்கியம். பலர் நடையை முதலில் அழகாக்கிவிட்டுத் தகவலைக் கடைசியில் பார்க்கிறார்கள். இது ஆபத்து. யாழ்ப்பாண நூலகத்தின் கதையில் மூன்று ஆண்டுகள் வரும்: தொடக்கத்துக்கு 1933, புதிய கட்டடத் திறப்புக்கு 1959, எரிப்புக்கு 1981. இயந்திரம் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துவிட்டும் அதே தெளிந்த குரலில் பேசும். கரடுமுரடான வாக்கியத்தில் கிடக்கும் பிழை கண்ணில் குத்தும். நல்ல தமிழுக்குள் போய்விட்டால் வாசிப்பவர் ஐயப்படமாட்டார். ஆகவே பெயர், திகதி, இடம், எண் எல்லாவற்றையும் சரிபார்த்த பின்னரே வாக்கியத்தில் கைவைக்கவேண்டும்.

வேறோர் இடத்தில் இருந்து வந்த எழுத்துக்குத் தமிழ்நடை கொடுக்கும் வேலை யாழ்ப்பாணத்துக்குப் புதியதல்ல. 1840களில் வெஸ்லியன் பாதிரியார் பீற்றர் பேர்சிவல் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது, அவருக்குப் பக்கத்துணையாக இருந்து தமிழைப் பார்த்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். சைவத்துக்காகப் பிறகு அவ்வளவு வாதாடியவர், முதலில் தன் உழைப்பைக் கொடுத்தது பாதிரிமாரின் நூலுக்கு. அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாகி வந்தது. தமிழ் நல்ல தமிழ்தான். ஆனால் பப்ரீசியஸ் பாதிரியாரின் பழைய மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பழகிய சபைகள் இதை ஏற்கவில்லை. பின்னாளில் நிலைத்தது பவர் பாதிரியார் தலைமையில் ஆன 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு. நாவலர் கை பட்ட தமிழுக்கே அந்தக் கதி என்றால், திருத்துபவர் தன் ரசனையை மட்டும் நம்பக்கூடாது என்பது விளங்கும். யார் வாசிக்கப்போகிறார்கள் என்பது சரிபாதி. நாவலரும் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டபோது, செய்யுளைத் தாமாக வாசித்து விளங்கிக்கொள்ள இயலாதவர்களையும் எண்ணித்தான் எழுதினார்.

உலக அளவில் இயந்திர எழுத்தைத் திருத்தும் தொழிலுக்குத் தரநிர்ணயம்கூட வந்துவிட்டது. இயந்திர மொழிபெயர்ப்பை மனிதர் திருத்துவது பற்றிய ஐ.எஸ்.ஓ. 18587 என்ற தரம் 2017இல் வெளியானது. ஆனால் 2019இல் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர் அந்தோனியோ டொரல் ஓர் உண்மையைக் காட்டினார். இயந்திரம் மொழிபெயர்த்து மனிதர் திருத்திய எழுத்தை, மனிதரே முதலில் இருந்து மொழிபெயர்த்ததோடு ஒப்பிட்டால், திருத்தியதில் சொல்வளம் குறைவு, மூலமொழியின் சாயல் கூட. முன்னால் ஒரு வாக்கியம் ஏற்கெனவே கிடந்தால் மனம் அதன் பாதையிலேயே போகிறது. இதற்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான்: பந்தியை ஒருமுறை வாசித்து, மூடிவைத்துவிட்டு, சொல்லவேண்டியதைப் பார்க்காமல் எழுதுவது. பிறகு திறந்து, விடுபட்ட தகவல் இருந்தால் சேர்ப்பது. நேரம் கூடப் பிடிக்காது. மற்றவருடைய வாக்கியத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இது சுகம்.

'இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவி'களை ஏமாற்றத் திருத்துபவர்களும் இருக்கிறார்கள். அது வேறு நோக்கம், எனக்கு அதில் மதிப்பில்லை. அந்தக் கருவிகளும் நம்பத்தக்கவை அல்ல. ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் விட்ட கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 யூலையில் மீளப்பெற்றது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தாமே எழுதிய கட்டுரைகளைப் பாதிக்கு மேல் இயந்திரத்தினது என்று இத்தகைய கருவிகள் சொன்னதாக அதே ஆண்டு ஓர் ஆய்வு வந்தது.

இயந்திரத்தைத் தமிழ் இலக்கணம் தெரிந்ததாகச் செய்யும் முயற்சி யாழ்ப்பாணத்திலும் நடக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சர்வேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிகான் டயஸ், ஜெர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தின் மிரியம் பட் ஆகியோர் உருவாக்கிய 'தமிழிமோர்ப்' தமிழ்ச்சொல்லைப் பகுதி, விகுதி, காலம், வேற்றுமை என்று பிரித்துக் காட்டும். மொறட்டுவையில் சிங்கள, தமிழ் அரச ஆவணங்களுக்காக 'சி-த' என்ற மொழிபெயர்ப்புக் கருவியும் செய்திருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் வேண்டிய தீனி நல்ல எழுத்து. 'நீர் வந்தனீர்' என்பதையும், பரப்பையும், பழப்புளியையும் இயல்பாக எழுதின பக்கங்கள் பாடசாலை மலர்களிலும், அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுகளிலும், சனசமூக நிலையத்துக் கையெழுத்துச் சஞ்சிகைகளிலும் கிடக்கின்றன. 2005 முதல் நூலகம் நிறுவனம் இத்தகையவற்றை மின்வருடி இணையத்தில் ஏற்றி வருகிறது. உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படி ஒன்று இருந்தால், கறையான் எடுக்கமுன் அவர்களிடம் கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் வருடி எடுக்கவாவது விடுங்கள்.